புதுக் கடைக்கு பிரோஷர்: பிட் நோட்டீஸா, டிஜிட்டல் பிரிண்டா, சிவகாசி ஆஃப்செட்டா, வாட்ஸ்அப்பா?

கடை திறக்கத் தேதி குறித்தாயிற்று. வாடகை முன்பணம், அலமாரி, மின் இணைப்பு, சரக்கு என்று எல்லாவற்றுக்கும் கொடுத்தது போக விளம்பரத்துக்கு மிச்சம் இருப்பது ஐயாயிரமோ ஆறாயிரமோ. அதை வைத்து என்ன அடிப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பிட் நோட்டீஸா, மடித்துக் கொடுக்கிற மல்டிகலர் பிரோஷரா? பிரோஷர் என்றால் பக்கத்துத் தெரு டிஜிட்டல் பிரிண்ட் கடையிலா, சிவகாசியிலா? இல்லை, தாளே வேண்டாம், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதுமா?

அச்சகத்தில் கேட்டால் பெரும்பாலும் ஒரு பதில் வரும்: "ஆயிரம் அடிச்சா இவ்வளவு ஆகும், ரெண்டாயிரம் அடிச்சா இன்னும் கொஞ்சம்தான் கூட வரும்." அது உண்மைதான். ஆஃப்செட்டில் பிளேட் (அச்சிட வேண்டியது பதிந்த தகடு) போட்டு, மெஷினில் ஏற்றி, மை சரிபார்க்கும் வரைதான் பெரிய செலவு. அதன் பிறகு ஓடும் ஒவ்வொரு தாளுக்கும் செலவு கொஞ்சம்தான். ஆனால் இந்தக் கணக்கை நம்பி ரெண்டாயிரம் அடித்துவிட்டு, ஆறு மாதம் கழித்துப் பாதிக்கு மேல் பழைய பேப்பர் கடைக்குப் போடுகிற புதுத் தொழில்காரர்கள் நிறைய. அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புதுத் தொழிலின் முதல் பிரோஷரைக் குறைவாக அடியுங்கள், ஒரு பிரதிக்கு விலை கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. ஏன் என்பது கீழே. எல்லாருக்கும் இது பொருந்தாது, எங்கே பொருந்தாது என்பதும் வரும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். பொள்ளாச்சிப் பக்கம் புதிதாக ஒரு செக்கு எண்ணெய்க் கடை திறக்கிறார்கள். கடலை, நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றும் உண்டு. சொந்த கொப்பரையோ கடலையோ கொண்டுவந்தால் ஆட்டியும் தருவார்கள்.

மாற்றம். முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். புதுக் கடையில் முதல் மூன்று மாதம் எதுவும் நிலையாக இருக்காது. விலை மாறும், கடை நேரம் மாறும். ஒரு லிட்டர் பாட்டில் போதும் என்று நினைத்திருப்பீர்கள், வருகிறவர்கள் அரை லிட்டர் கேட்பார்கள். ஆட்டுக் கூலி வேலை தேடி இவ்வளவு பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். 2025-ல் கொப்பரை விலை ஏறிய வேகத்தில், தேங்காய் எண்ணெய் விலையை அச்சில் போட்ட நோட்டீஸ் எதுவும் சில வாரங்களுக்கு மேல் செல்லுபடியாகியிருக்காது.

கைக்குப் போய்ச் சேரும் செலவு. அச்சகம் சொல்வது ஒரு பிரதியை அடிக்கும் செலவு. அதோடு டிசைன், மடிப்பு, கட்டிங், பார்சல், ஜிஎஸ்டி, விநியோகம் எல்லாம் சேரும். கூட்டிய மொத்தத்தை அடித்த எண்ணிக்கையால் வகுக்காதீர்கள், உண்மையில் கொடுத்து முடித்த எண்ணிக்கையால் வகுங்கள்.

ஆயுள். அந்தத் தாள் ஒருவர் கையில் எவ்வளவு நேரம் இருக்க வேண்டும்? "ஞாயிறு திறப்பு விழா, வாங்க" என்பதற்கு ஒரு நிமிடம் போதும். ஒரு கல்யாண கேட்டரிங் மெனுவோ, டியூஷன் சென்டரின் கட்டண விவரமோ வீட்டில் நாலு பேர் பார்த்துப் பேசி முடிவெடுக்கும் வரை பத்திரமாக இருக்க வேண்டும்.

எத்தனை, எப்போது. நாளை மறுநாள் வேண்டும் என்றால் பாதி வழிகள் தானாகவே அடைபட்டுவிடும்.

## பிட் நோட்டீஸ்

ஒரே கலர், ஒரு பக்கம், மஞ்சளோ பிங்க்கோ மெல்லிய தாள். டெம்மி தாளை எட்டாக வெட்டிய அளவுதான் வழக்கம், கிட்டத்தட்ட ஒன்பதுக்கு ஐந்தே முக்கால் அங்குலம். எல்லா ஊரிலும் ஒரு சின்ன அச்சகமாவது இதை அடித்துக் கொடுக்கும். ஆயிரம்தான் பொதுவாகக் குறைந்தபட்சம், ரெண்டு மூன்று நாளில் கிடைத்துவிடும். ஒரு பிரதிக்கு ஆகும் செலவில் இதை வேறு எதுவும் நெருங்க முடியாது.

மறைந்திருக்கும் செலவு விநியோகத்தில் இருக்கிறது. பேப்பருக்குள் வைத்துப் போட ஏஜென்டுக்குக் கொடுக்க வேண்டும், அல்லது வீடு வீடாகப் போட ஆள் பிடிக்க வேண்டும். அடிக்கிற செலவுக்குச் சமமாக விநியோகத்துக்கும் ஒதுக்கி வைத்துவிட்டு பட்ஜெட் போடுங்கள். பேப்பருக்குள் வைப்பதாக இருந்தால் ஞாயிறு வேண்டாம். அன்றைக்கு ஜவுளிக் கடை, ஃபர்னிச்சர் கடை நோட்டீஸெல்லாம் சேர்ந்து வரும், உங்கள் மஞ்சள் தாளும் அவற்றோடு ஒரே கையில் உதறப்பட்டுவிடும். ஏஜென்டிடம் ஊர் முழுக்க என்று சொல்லாமல் எந்தெந்தத் தெரு லைன் என்று கேட்டு, கடையைச் சுற்றி நடந்து வரக்கூடிய தூரத்துக்கு மட்டும் கொடுங்கள்.

இது எப்போது சரி: வாடிக்கையாளர்கள் ஒரே பகுதியில் இருக்கும்போது, சொல்ல வேண்டியது ரெண்டு மூன்று வரியில் முடியும்போது, தேதி இருக்கும்போது. டிபன் கடை, மளிகை, அயர்ன் கடை, தண்ணீர் கேன், டியூஷன் சேர்க்கை எல்லாம் இதில் அடங்கும். பொருளின் நிறமும் வேலைப்பாடும் கண்ணில் பட வேண்டிய தொழில்களுக்கு, ஆரி வொர்க் பிளவுஸ், கேக், பூ அலங்காரம் போன்றவற்றுக்கு, ஒரே கலர் நோட்டீஸ் வேண்டாம். அதில் பணம் மிச்சமாகாது, வீணாகும்.

## டிஜிட்டல் கலர் பிரிண்ட்

இன்றைக்கு ஓரளவு பெரிய ஜெராக்ஸ் கடைகளிலேயே லேசர் கலர் மெஷின் இருக்கிறது. பிளேட் கிடையாது, அதனால் குறைந்தபட்ச எண்ணிக்கையும் கிடையாது. ஐம்பது கேட்டால் ஐம்பது, அன்றைக்கே கையில். 130 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைக் குறிக்கும் அளவு) ஆர்ட் பேப்பரில் ஏ4 அளவு, ரெண்டு பக்கம் அடித்து மூன்றாக மடித்தால் ஆறு பக்கம் கிடைக்கிறது. ஒரு சின்னத் தொழிலுக்கு ஆறு பக்கம் தாராளம்.

விலை ஊருக்கு ஊர் வேறுபடும், கணக்கு புரிய ஒரு எண்ணை வைத்துக்கொள்வோம். ரெண்டு பக்கமும் சேர்த்து ஒரு தாளுக்கு 20 ரூபாய். ஆஃப்செட்டில் அதே பிரோஷர் ஆயிரத்துக்கு 5,500 ரூபாய், அதாவது ஒன்றுக்கு ஐந்தரை ரூபாய். மேலோட்டமாகப் பார்த்தால் டிஜிட்டல் ஏறக்குறைய நாலு மடங்கு விலை. ஆனால் 5,500-ஐ 20-ஆல் வகுத்துப் பாருங்கள், 275 வருகிறது. விவரம் மாறுவதற்குள் உங்களால் 275 பிரதிக்குக் குறைவாகத்தான் கொடுக்க முடியும் என்றால் டிஜிட்டல்தான் மலிவு. 150 பிரதிக்கு 3,000 ரூபாய்தான் ஆகும், மாற்றம் வந்தால் அடுத்த ஐம்பதில் திருத்திக்கொள்ளலாம். ஆஃப்செட்டில் ஆயிரம் அடித்து 300 கொடுப்பதற்குள் விலை மாறிவிட்டால், கொடுத்த ஒவ்வொன்றுக்கும் உண்மையில் 18 ரூபாய்க்கு மேல் ஆகியிருக்கிறது, மீதி 700 மூலையில் கிடக்கிறது. உங்கள் ஊரில் ரெண்டு இடத்திலும் விலை கேட்டு இதே வகுத்தலைப் போடுங்கள். புதிதாகத் திறக்கிறவர்களில் பெரும்பாலோர் அந்த எண்ணுக்குக் கீழேதான் நிற்பார்கள் என்பது என் எண்ணம்.

டிஜிட்டலில் கவனிக்க வேண்டியது மடிப்பு. லேசர் மெஷினில் மை தாளுக்குள் ஊறுவதில்லை, டோனர் என்ற நிறப்பொடி மேலே படிந்து நிற்கிறது. கரும்பச்சை, மெரூன் மாதிரி அடர் நிறம் மடிப்புக் கோட்டின் மேல் ஓடினால், மடித்த இடத்தில் டோனர் உதிர்ந்து வெள்ளைக் கோடு தெரியும். பத்து முறை திறந்து மூடினால் அந்தக் கோடு பொடிப்பொடியாகப் பரவும். மடிப்பு வரும் இடத்தில் வெள்ளையோ வெளிர் நிறமோ விட்டால் இந்தத் தொல்லையே இல்லை. 170 ஜிஎஸ்எம்முக்கு மேல் போனால் கிரீசிங் (மடிக்கும் இடத்தில் முன்பே அழுத்தும் கோடு) போட்டுத்தான் மடிக்க வேண்டும், அதற்குத் தனிக் காசு. இன்னொன்று, மூன்று மடிப்பில் மூன்று பக்கமும் ஒரே அகலம் வைக்கக் கூடாது. ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீட்டர். அதை 100, 100, 97 என்று பிரித்து, உள்ளே மடியும் பக்கத்துக்கு 97 வைத்தால்தான் அது புடைக்காமல் உட்காரும்.

இது எப்போது சரி: முதல் மூன்று நாலு மாதம், ஏறக்குறைய எந்தத் தொழிலுக்கும். அதன் பிறகும் வாடிக்கையாளர் எண்ணிக்கை குறைவாகவும் ஒவ்வொருவர் தரும் தொகை பெரிதாகவும் உள்ள தொழில்களுக்கு, இன்டீரியர், கேட்டரிங், போட்டோகிராபி, சோலார் பேனல் பொருத்துதல் போன்றவற்றுக்கு, இதிலேயே தொடரலாம். மாதம் இருபது பேரைப் பார்க்கிற தொழிலுக்கு ஆயிரம் பிரதி எதற்கு?

## சிவகாசி அல்லது உள்ளூர் மல்டிகலர் ஆஃப்செட்

நாலு கலருக்கு நாலு பிளேட். ஆயிரத்துக்கு மேல் போகப்போக ஒன்றின் விலை சரிந்துகொண்டே வரும். நிறம் தாளில் ஊறி நிற்கும், மடிப்பில் உதிராது, கையில் பிடித்தால் ஒரு நிறைவு இருக்கும். சிவகாசியில் பல பேருடைய வேலையை ஒரே பெரிய தாளில் சேர்த்து அடிப்பதும் உண்டு, அதனால் விலை இன்னும் இறங்கும். ஆனால் அப்படிச் சேர்த்து அடிக்கும்போது உங்கள் பச்சை கொஞ்சம் மஞ்சளாகத் தெரிகிறது என்று தனியாகத் திருத்த வழி கிடையாது. பக்கத்தில் இருக்கும் வேலைக்கும் அதே மைதான் ஓடுகிறது. தாள், அளவு, எண்ணிக்கை எல்லாம் அவர்கள் வைத்திருக்கும் பட்டியலில் உள்ளதாகத்தான் இருக்க வேண்டும்.

செலவுகள் ஒளிந்திருப்பது இதில்தான் அதிகம். கொட்டேஷன் வாங்கும்போது இவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள்: ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா, மடிப்பு சேர்ந்ததா, லாரி ஆபீஸ் வாடகை யாருடையது, ப்ரூஃப் (அடிக்கும் முன் சரிபார்க்கத் தரும் மாதிரி) எத்தனை முறை, பிளேட் போட்ட பிறகு ஒரு எழுத்து மாற்றினால் எவ்வளவு. ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர்களும் சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் வரித் திட்டத்தில் இருப்பவர்களும் அந்த வரியைத் திரும்ப எடுக்க முடியாது, அது முழுக்க உங்கள் கைச்செலவு.

காலத்தையும் பாருங்கள். சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவார்கள். அதிலிருந்து ஆண்டு முடியும் வரை காலண்டர், டைரி வேலை மும்முரமாக ஓடும். அந்த மாதங்களில் உங்கள் ஆயிரம் பிரோஷர் வரிசையில் பின்னால் தள்ளப்பட வாய்ப்பு அதிகம். கார்த்திகையில் கடை திறப்பு வைத்துக்கொண்டு ஐப்பசிக் கடைசியில் ஆர்டர் கொடுத்தால் தேதிக்கு வந்து சேரும் என்று நம்ப முடியாது.

அதுபோக, ஆயிரம் அடித்துவிட்டோமே என்பதற்காகப் பழைய விலையைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் புது விலை எழுதிக் கொடுக்கிற கடைகளைப் பார்த்திருப்பீர்கள். பளபளப்பான ஆர்ட் பேப்பரில் பால்பாயின்ட் பேனா சரியாக ஒட்டவும் ஒட்டாது, கை பட்டால் இழுகிவிடும். புதுக் கடையைப் பற்றி வாடிக்கையாளர் மனதில் பதியும் முதல் தோற்றம் அதுவாக இருக்க வேண்டாம்.

இது எப்போது சரி: வாசகமும் பொருள் பட்டியலும் நிலைத்துவிட்ட பிறகு. அல்லது முதல் நாளிலிருந்தே பெரிய எண்ணிக்கை உறுதியாகத் தேவைப்படுகிறவர்களுக்கு. பள்ளி, மருத்துவப் பரிசோதனை மையம், பல ஊர்க் கடைகளுக்குச் சரக்கு போட்டு ஒவ்வொரு கடையிலும் நூறு பிரோஷர் வைக்கப் போகிற மசாலா கம்பெனி போன்றவர்கள் தயங்காமல் நேராக ஆஃப்செட்டுக்கே போகலாம். அவர்களுக்கு டிஜிட்டல் கட்டுப்படியாகாது.

## வாட்ஸ்அப் பிடிஎஃப், கேட்டலாக்

அச்சுச் செலவு பூஜ்யம். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் 500 பொருள் வரை படத்தோடும் விலையோடும் கேட்டலாக் வைக்கலாம். காலையில் விலை ஏறினால் காலையிலேயே மாற்றலாம். மாற்றம் என்ற அளவுகோலில் இதற்குத்தான் முழு மதிப்பெண்.

குறை என்னவென்றால், உங்களை ஏற்கெனவே தெரிந்தவர்களுக்குத்தான் இது போகும். எண் இல்லாதவருக்கு எதை அனுப்புவது? அபார்ட்மென்ட் குரூப்பிலோ சொந்தக்காரர்கள் குரூப்பிலோ போட்டால் ஒரு முறை பார்ப்பார்கள், மாலைக்குள் நூறு செய்திக்கு மேலே போய்விடும். கேட்காமல் தினமும் அனுப்பினால் பிளாக் செய்துவிடுவார்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள்தான் உங்கள் முக்கிய வாடிக்கையாளர்கள் என்றால், பிடிஎஃப்பைத் திறந்து, பெரிதாக்கிப் படிப்பார்கள் என்று எண்ண வேண்டாம். அவர்களுக்கு ஒரே படமாக, பெரிய எழுத்தில் அனுப்புங்கள்.

வீட்டிலிருந்தே ஆர்டர் எடுத்து கூரியரில் அனுப்புகிறவர்களுக்கு இது மட்டுமே போதும். தெருவில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது மட்டும் போதாது, தாளோடு சேர்ந்தால் பலம். நோட்டீஸில் உங்கள் வாட்ஸ்அப் கியூஆர் கோடைப் போட்டு, "இன்றைய விலைக்கு ஸ்கேன் செய்யவும்" என்று எழுதுங்கள். அந்தக் கோடை வாட்ஸ்அப் பிசினஸ் செயலியிலிருந்தே எடுங்கள். நீங்களாக ரீசெட் செய்யாதவரை அது காலாவதியாகாது. இலவசம் என்று சொல்லிக் கோடு செய்து தரும் இணையதளங்கள் சிலவற்றில், சில வாரம் கழித்துக் காசு கட்டினால்தான் அது வேலை செய்யும். அதற்குள் நோட்டீஸ் ஊர் முழுக்கப் போயிருக்கும். அளவு ரெண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல், சுற்றி வெள்ளை இடம் விட்டு வையுங்கள்.

## ஒரே பார்வையில்

| | பிட் நோட்டீஸ் | டிஜிட்டல் பிரிண்ட் | மல்டிகலர் ஆஃப்செட் | வாட்ஸ்அப் |
|---|---|---|---|---|
| குறைந்தபட்சம் | பொதுவாக 1,000 | ஒன்றே போதும் | பொதுவாக 1,000 | இல்லை |
| ஒன்றின் விலை | மிகக் குறைவு | அதிகம், எண்ணிக்கை கூடினாலும் பெரிதாக இறங்காது | எண்ணிக்கை கூடக்கூட இறங்கும் | அச்சுச் செலவு இல்லை |
| விவரம் மாறினால் | மீதி வீண், ஆனால் இழப்பு சிறிது | அடுத்த பிரிண்டில் திருத்தலாம் | மீதி வீண், புது பிளேட் | உடனே மாற்றலாம் |
| கிடைக்கும் காலம் | ரெண்டு மூன்று நாள் | அன்றைக்கே | ஒரு வாரம் அல்லது அதற்கு மேல், சீசனில் இன்னும் கூடும் | உடனே |
| கையில் தங்குமா | தங்காது | தங்கும் | தங்கும் | போனில் புதைந்துவிடும் |
| ஒளிந்திருக்கும் செலவு | விநியோகம் | மடிப்பு, கிரீசிங் | ஜிஎஸ்டி, லாரி, திருத்தம், மிஞ்சும் பிரதி | உங்கள் நேரம் |

## டிசைனை யார் செய்வது

அச்சு எங்கே என்பதை விட இந்த இடத்தில்தான் தமிழ் பிரோஷர்கள் அதிகம் கெடுகின்றன. வழிகள் மூன்று: நீங்களே கேன்வா போன்ற செயலியில் செய்வது, டிடிபி சென்டரில் கொடுப்பது, தனியாக ஒரு டிசைனரிடம் கொடுப்பது.

நீங்களே செய்தால் காசு மிச்சம், நேரம் போகும். கேன்வாவின் இலவசக் கணக்கிலேயே அச்சுக்கான பிடிஎஃப் எடுக்கலாம், ஓரத்தில் வெட்டுவதற்கான ப்ளீடும் சேர்த்துக்கொள்ளலாம். அச்சுக்கு வேண்டிய சிஎம்ஒய்கே நிறத்தில் எடுப்பது மட்டும் கட்டணக் கணக்கில்தான். டிஜிட்டல் பிரிண்டுக்கு அது பெரிய தடை இல்லை. ஆனால் திரையில் மின்னுகிற நீலமும் பச்சையும் தாளில் மங்கித்தான் வரும், ஒரு பிரதி எடுத்துப் பார்த்துவிட்டு மீதியை அடிக்கச் சொல்லுங்கள். எழுத்துருவுக்குக் காசு தேவையில்லை. முக்தா மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை, பலூ தம்பி, நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கின்றன, தொழிலுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். தலைப்புக்குப் பலூ தம்பி, உள்ளே முக்தா மலர் வைத்தால் ஒரு சின்னக் கடைக்கு அழகாகவே அமையும். படங்களில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய போட்டோ சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். நாலு அங்குல அகலத்துக்குப் படம் வைக்க வேண்டும் என்றால் 1,200 பிக்சலாவது இருக்க வேண்டும்.

டிடிபி சென்டரில் வேகம் கிடைக்கும், அச்சு நுணுக்கம் தெரிந்தவர் கையில் வேலை இருக்கும். உள்ளூர் ஆட்களுக்கு எது கண்ணில் படும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். நீங்கள் கவனிக்க வேண்டியது எழுத்து. பல சென்டர்களில் இன்னும் பேஜ்மேக்கர், பழைய கோரல் டிரா போன்ற வடிவமைப்பு மென்பொருள்கள்தான். நீங்கள் போனில் டைப் செய்து அனுப்புவது யூனிகோட் என்ற இன்றைய பொது எழுத்து முறை, அவர்கள் பயன்படுத்துவது பாமினி போன்ற பழைய எழுத்துரு முறைகள். உங்கள் வாசகத்தை அப்படியே ஒட்டினால் "கொப்பரை" என்பதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும், அல்லது வெறும் கட்டங்களாக வரும். அதனால் அவர்கள் முழுவதையும் திரும்ப டைப் செய்வார்கள். பிழை நுழைவது அப்போதுதான். "எண்ணெய்" "எண்ணை" ஆகும், "கடலை" "கடளை" ஆகும், போன் நம்பரில் ரெண்டு இலக்கம் இடம் மாறும். என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற இலவச மென்பொருளில் யூனிகோடைப் பழைய முறைக்கு மாற்றிக் கொடுக்கலாம், அப்படிச் செய்யச் சொல்லுங்கள். எப்படிச் செய்தாலும் ப்ரூஃபை போன் திரையில் பார்க்காதீர்கள். தாளில் ஒரு பிரிண்ட் எடுத்து, தொழிலில் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அதில் உள்ள நம்பரைப் பார்த்து அவரையே போன் போடவும் சொல்லுங்கள், உங்கள் போன் அடித்தால்தான் சரி.

இன்னொரு விஷயம் ஓபன் ஃபைல், அதாவது திருத்தக்கூடிய மூல ஃபைல். டிசைன் காசு கொடுத்துவிட்டால் ஃபைல் நமக்குத்தான் என்று நினைப்போம். பல இடங்களில் பிடிஎஃப் மட்டும்தான் தருவார்கள், திருத்த வேண்டும் என்றால் மறுபடி அவர்களிடமே போக வேண்டும். வேலை கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள், சேர்த்துத் தர ஐந்நூறு கூடக் கேட்டாலும் கொடுக்கலாம்.

டிசைனரிடம் கொடுப்பது இந்த பட்ஜெட்டில் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். கேக், நகை, பொட்டிக் மாதிரி தோற்றத்தை வைத்தே விற்கிற தொழில் மட்டும் விதிவிலக்கு. அங்கே நல்ல போட்டோவுக்கும் நல்ல டிசைனுக்கும் கொடுத்துவிட்டு, ஐம்பது பிரதி மட்டும் அடித்தாலும் தகும்.

## எதில் அடித்தாலும் இதைப் பாருங்கள்

உணவுப் பொருள் விற்பவர்கள் எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) 14 இலக்க எண்ணைப் பிரோஷரில் போடுவது நல்லது, புதுக் கடை மேல் நம்பிக்கை வர அது உதவும். ஆனால் செக்கு எண்ணெய், சிறுதானியம், மூலிகைப் பொடி விற்பவர்கள் "சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்", "புற்றுநோய் வராது" என்றெல்லாம் எழுதவே கூடாது. உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்கின்றன. மருந்து என்று சொல்லி விற்றால் 1954-ஆம் ஆண்டு மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டமும் குறுக்கே வரும், அதன் பட்டியலில் சர்க்கரை நோய் இருக்கிறது. டிடிபி சென்டரில் பழைய மாதிரியிலிருந்து இந்த வரிகளைத் தாங்களாகவே எடுத்துப் போட்டுவிடுவதும் உண்டு, கண்டால் எடுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பதிலாக என்ன கடலை, எந்த ஊர்ச் சரக்கு, எப்போது ஆட்டியது என்று எழுதுங்கள். வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள விரும்புவதும் அதைத்தான்.

விலையைப் பிரோஷரில் அச்சடிக்க வேண்டாம். மேப்லித்தோ என்ற சாதாரண வெள்ளைத் தாளில் கையளவு விலைச் சீட்டு ஒன்றைத் தனியாக ஜெராக்ஸ் எடுத்து உள்ளே செருகுங்கள். விலை மாறினால் சீட்டு மட்டும் மாறும், பிரோஷர் அப்படியே இருக்கும். இந்தச் சின்ன ஏற்பாட்டால் பிரோஷரின் ஆயுள் பல மாதம் நீளும். முன்னால் சொன்ன 275 கணக்கும் இதனால் ஆஃப்செட் பக்கம் கொஞ்சம் சாயும்.

## ஆறாயிரம் ரூபாயை எப்படிப் பிரிக்கலாம்

அந்த எண்ணெய்க் கடைக்கே வருவோம். நானாக இருந்தால் இப்படிச் செய்வேன். திறப்பு விழாவுக்கு ஆயிரம் பிட் நோட்டீஸ். தேதி, இடம், மூன்று எண்ணெய், ஆட்டித் தரப்படும் என்ற வரி, போன் நம்பர், கியூஆர், அவ்வளவுதான். அச்சும் விநியோகமும் சேர்த்து 2,500 ரூபாய்க்குள் முடிக்கப் பார்ப்பேன். கடைக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க நூறு டிஜிட்டல் பிரோஷர், சுமார் 2,000 ரூபாய். வாட்ஸ்அப் கேட்டலாக்குக்குச் செலவு இல்லை, ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் படம் எடுத்து ஏற்றிவிடலாம். மீதி 1,500-ஐத் தொடாமல் வைத்திருப்பேன், ரெண்டாவது மாதம் திருத்திய பிரோஷர் எழுபது எண்பது அடிக்க.

அந்த ரெண்டு மாதமும் கல்லாவில் ஒரு நோட்டு வைத்து, புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் "எப்படித் தெரிஞ்சு வந்தீங்க?" என்று கேட்டுக் குறிக்க வேண்டும். நோட்டீஸ், வாட்ஸ்அப், போர்டு, யாரோ சொன்னது என்று நாலு கோடு போதும். அவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்விகளையும் அதே நோட்டில் எழுதி வைத்தால், அடுத்த பிரோஷரின் வாசகம் பெரும்பாலும் அதிலேயே கிடைத்துவிடும். மூன்றாவது மாத முடிவில் நோட்டீஸ் கோடுதான் நீளம் என்றால் மறுபடி நோட்டீஸ் அடிக்கலாம். பிரோஷர் வாங்கிப் போனவர்கள் அதைக் காட்டி அடுத்தவரைக் கூட்டி வருகிறார்கள் என்றால், ஆஃப்செட்டுக்குப் போக வேண்டிய நேரம் அதுதான். அப்போது ஆயிரத்துக்கும் ரெண்டாயிரத்துக்கும் தனித்தனியாக, மடிப்பு, ஜிஎஸ்டி, லாரி வாடகை எல்லாம் சேர்த்து, ரெண்டு இடத்திலாவது கொட்டேஷன் வாங்குங்கள்.